இழுத்து நிற்கும் வீடு

பள்ளத்தூரில் வீடு என்றால் முதலில் பாரம்தான். காரைக்குடிப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முகப்பின் வேலைப்பாட்டையும் ஆத்தங்குடிக் கல்லின் பூவையும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் சின்ன வயதிலிருந்து வியந்து பார்த்தது அந்தப் பாரத்தை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடு. ஓடு சட்டத்தை அமுக்குகிறது, சட்டம் உத்தரத்தை, உத்தரம் பர்மாத் தேக்குத் தூணை, தூண் அடிக்கல்லை, கல் மண்ணை. மேலே இருப்பது கீழே இருப்பதை அமுக்குவதும், கீழே இருப்பது அதைத் தாங்குவதும்தான் அந்த வீட்டின் கணக்கு. செங்கல், சுண்ணாம்பு, கருங்கல் எல்லாமே அமுக்கத்துக்குப் பிறந்த பொருள்கள். அமுக்கினால் இறுகும், இழுத்தால் விரிசல் விடும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் பின்னால் உள்ள பொட்டலில், போன மார்கழியில், எடையே இல்லாத ஒரு வீட்டை நாங்கள் போட்டோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் கொண்டுவந்த கூடாரம். ஆறு பேர் படுக்கலாம், நடுவில் பெரியவர்கள் நிமிர்ந்து நிற்கலாம். பையோடு நிறுத்துப் பார்த்தால் 14 கிலோ. வீட்டுக்கு வரும் சமையல் சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயுவின் எடை 14.2 கிலோ. அந்த வாயுவின் எடைகூட இல்லாத ஒரு பொருள் கூரையாகவும் சுவராகவும் தரையாகவும் மாறி ஒரு குடும்பத்தை இரவு முழுக்க வைத்துக்கொள்கிறது. அமுக்கத்தை நம்பி இது நிற்க முடியாது. அப்படியானால் எதை நம்பி நிற்கிறது?

ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு மாட்டை இழுத்து வரலாம். தள்ளிக்கொண்டு போக முடியுமா? கயிற்றுக்குத் தெரிந்தது இழுவை ஒன்றுதான். துணி என்பதும் குறுக்கும் நெடுக்குமாக நெய்த ஆயிரக்கணக்கான மெல்லிய கயிறுகள். கசங்கிக் கிடக்கும்போது அதற்கு எந்தப் பலமும் இல்லை. நாலு மூலையிலும் இழுத்துப் பிடித்த நொடியில் அதே துணி பலகைபோல் விறைத்து, மேலே விழுகிற பாரத்தை வாங்கத் தயாராகிறது. கூடாரத்தின் பலம் துணியில் இருப்பதைவிட இழுப்பில் இருக்கிறது என்று சொல்வதுதான் சரி. கழி துணியை மேலே தள்ளுகிறது, துணி கயிற்றை இழுக்கிறது, கயிறு முளையை இழுக்கிறது, முளையை மண் விடாமல் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் அந்த வீட்டைத் தாங்குவது பூமி. ஆனால் கீழிருந்து தாங்குவதில்லை. சுற்றி நின்று பிடித்துக்கொள்கிறது.

தமிழில் வீட்டைக் கட்டுகிறோம். கயிற்றால் கட்டி நிறுத்துகிற கூடாரத்தைக் 'கட்டுகிறோம்' என்று பெரும்பாலும் சொல்வதில்லை. கூடாரம் 'அடிக்கிறோம்' என்கிறோம். முளை அடிப்பதுதான் மொத்த வேலைக்கும் பெயராக நின்றுவிட்டது. இந்தச் சொல்லை உண்டாக்கியவர்களுக்குப் பலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

எங்களுக்குத் தெரியவில்லை. முதல் நாள் முளைகளை நேராக, செங்குத்தாக அடித்தோம். எங்கள் செட்டிநாட்டு மண் செம்புராங்கல் கலந்த செம்மண். மழை பெய்த வாரத்தில் கத்தி இறங்குவதுபோல் முளை இறங்கும். நாலு வாரம் காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும், மெல்லிய கம்பி முளை வளைந்தே போகும். அன்றைக்கு மண் பதமாக இருந்ததால் சுலபமாக இறங்கியது. சுலபமாக இறங்கியது சுலபமாகவே வெளியிலும் வந்தது. மாலைக் காற்றில் இரண்டு முளைகள் பிடுங்கிக்கொண்டன.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தல் போடும் அண்ணன் ஒருவர் அந்த வழியாக சைக்கிளில் போனவர் இறங்கி வந்தார். சவுக்குக் கம்பிலும் தென்னங்கீற்றிலும் ஆயுள் முழுக்க வேலை செய்தவர். இந்த மாதிரிக் கூடாரத்தை அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தார். "தம்பி, கயிறு இழுக்கிற போட்டியில நீங்க எப்படிச் சாய்வீங்க? முளையும் அப்படிச் சாயட்டும்" என்றார். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்து, கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். அப்போது கயிறு முளையை மேலே உருவுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் இழுக்கிறது. முளையின் முழு நீளமும் மண்மேல் சாய்ந்து எதிர்க்கிறது. அடுத்து அவர் செய்தது கயிற்றை நீளமாக விட்டு, முளையைத் தள்ளி அடிக்கச் சொன்னது.

அந்தத் தள்ளி அடிப்பதற்குப் பின்னால் பள்ளிக்கூடத்துக் கோணக் கணக்கு இருக்கிறது. காற்று ஒரு கயிற்றில் பக்கவாட்டாக 10 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுக்கிறது என்று வையுங்கள். கயிறு தரையோடு 45 பாகையில் இருந்தால் அது தாங்க வேண்டியது 14 கிலோ; முளையை மேலே பிடுங்கும் பங்கு 10 கிலோ. இடம் போதவில்லை என்று முளையைக் கிட்டத்தில் அடித்துக் கயிறு 60 பாகைக்கு நிமிர்ந்துவிட்டால், கயிற்றில் 20 கிலோ, மேலே பிடுங்குவது 17 கிலோ. தள்ளிப் போய் 30 பாகைக்குப் படுக்கவைத்தால் கயிற்றில் பதினொன்றரை, பிடுங்குவது 6 கிலோகூட இல்லை. காற்றும் அதே காற்று, முளையும் அதே முளை. ஆறு அடி நடந்து போய் அடித்ததற்குக் கிடைத்த லாபம் இவ்வளவு. கணக்கை எழுதிப் பார்க்காமலே அந்த அண்ணனின் கைக்கு இது தெரிந்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்ப்பாக இருக்கிறது.

இத்தனை பாரமான வீடுகள் நிறைந்த ஊரில் பந்தல்காரர் கைக்கு இது தெரிந்திருப்பது வியப்பும் இல்லை. எந்தப் பெரிய வீட்டிலும் கல்யாணம் என்றால் வாசலில் பந்தக்கால் ஊன்றுவதுதான் முதல் மங்கல காரியம். தலைமுறைகளுக்கு நிற்கும் வீட்டின் முன்னால் நாலு நாள் வீடு ஒன்று எழும்பும். வேலை முடிந்ததும் இறங்கிவிடும். பாட்டும் கூத்தும் வளர்ந்ததும் இப்படிப்பட்ட கொட்டகைகளில்தான். 1905-ல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டினார். 'டென்ட் கொட்டாய்' என்ற சொல் தமிழில் ஊறியது அந்த வழியில். ஆச்சி மனோரமா வளர்ந்தது எங்கள் பள்ளத்தூரில். 'பள்ளத்தூர் பாப்பா' என்ற பெயரோடு மேடையேறியவர் அவர். கொட்டகை இல்லாமல் அந்த நாடக உலகம் இல்லை.

இன்னும் பின்னால் போகலாம். பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு, 103 அடிதான். பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். தங்கள் முன்னோர் அந்தப் பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது செட்டிநாட்டு நகரத்தார் மரபு. அதனால் இந்தப் புலவர் எங்கள் பக்கத்து மனிதர்போல எனக்குத் தோன்றும். போருக்குப் போன அரசனுக்காகத் தலைவி காத்திருக்கும் பாட்டு அது. ஆனால் நடுவில் புலவர் பாசறைக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போய் அதன் கட்டுமானத்தைக் காட்டுகிறார். கம்பு ஊன்றிக் கயிறு இழுத்து அமைத்த இருக்கைகள். அரசன் தங்குமிடத்தில் திண்ணிய கயிற்றில் திரை இழுத்து இரண்டாகப் பிரித்த படுக்கை அறை. நாங்கள் வாங்கிய கூடாரத்திலும் நடுவில் ஒரு திரை உண்டு. இழுத்துவிட்டால் இரண்டு அறை. அந்தப் பாட்டில் கயிறு இழுபடுவதைச் சொல்லாமல் பாசறையைச் சொல்லவே முடியவில்லை என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

காற்றுக்கு வருவோம். கூடாரத்துக்கு அதுதான் பெரிய சோதனை, பெரிய கூடாரத்துக்குக் கூடுதல் சோதனை. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, நேருக்கு நேர் நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. எங்கள் கூடாரத்தின் நீளப்பக்கம் ஏறக்குறைய 8 சதுர மீட்டர். ஆக 50 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் 200 கிலோ. மூன்று மடங்கானால் 450 கிலோ. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, புதுக்கோட்டைச் சீமையில் தென்னையையும் பலாவையும் சாய்த்துக்கொண்டு மேற்கே போன கஜா புயலின் காற்று, கரையேறும்போது அந்த மூன்று மடங்கையும் தாண்டியிருந்தது. அப்படிப்பட்ட காற்றில் குடும்பக் கூடாரம் நிற்காது, நிற்க வேண்டியதும் இல்லை. இடிமின்னலுக்கும் இதே பேச்சுதான். துணியும் கழியும் மின்னலிலிருந்து காக்கும் என்று நம்பக்கூடாது. இடி கேட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாரமான வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

பக்கவாட்டு அழுத்தத்தோடு காற்று நிற்பதில்லை. கூரைமேல் ஏறிப் போகும் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. நாட்டு ஓட்டு வீடு தன் எடையால் அந்த உறிஞ்சலை எதிர்க்கிறது. 14 கிலோ கூடாரத்துக்கு எடை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே அது தன்னைப் பிடித்துக்கொள்ள மண்ணின் எடையைக் கடன் வாங்குகிறது. முளையின் வேலை அதுதான். ஆற்று மணலிலும் கடற்கரையிலும் முளை பிடிக்காது என்பதால் மணல் நிரப்பிய சாக்கைக் கயிற்றில் கட்டிக் குழியில் புதைத்துவிடுகிறார்கள். பிடுங்க வேண்டுமானால் அந்தச் சாக்கோடு மேலே கிடக்கும் மணலையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

இரண்டு பேர் கூடாரத்தைப் பெரிதாக வரைந்தால் ஆறு பேர் கூடாரம் கிடைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால் காற்று அடிக்கும் பரப்பு நாலு மடங்காகிறது. கழியோ நீளம் இரண்டு மடங்கானால், அதே கனத்தில், வளையாமல் தாங்கும் பாரம் கால்பங்காகக் குறைகிறது. துடைப்பக் குச்சியைக் குட்டையாக ஒடித்து இரு முனையிலும் அமுக்கினால் நிற்கும். முழு நீளக் குச்சி வில்லாக வளையும். சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் 18-ம் நூற்றாண்டில் இந்தக் கணக்கைப் போட்டுவைத்தார். சுமை நாலு மடங்கு, தாங்கும் பலம் கால்பங்கு. அதனால்தான் குடும்பக் கூடாரத்தில் கழிகள் கூடுதலாகவும் தடிமனாகவும் இருக்கின்றன; அதனால்தான் சின்னக் கூடாரத்தில் ஓரங்கட்டி வைக்கலாம் என்று தோன்றும் இழுகயிறுகளைப் பெரிய கூடாரத்தில் ஒன்றுவிடாமல் கட்ட வேண்டும்.

துணியின் வளைவுக்கும் இதில் பங்கு உண்டு. மொட்டைமாடியில் துணி காயப்போடக் கொடி கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். கொடியைச் சற்றுத் தொய்வாக விட்டால் ஈரப் புடவையையும் தாங்கும். துளியும் தொய்யக்கூடாது என்று இறுக்கிக் கட்டினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கொடி எவ்வளவு நேராக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறோமோ அவ்வளவு இழுவை ஏறும். முழுக்க நேரான கொடியில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தொங்கவிட முடியாது. துணிக்கும் இதே விதிதான். தட்டையான கூரையில் காற்றும் மழையும் உண்டாக்கும் இழுவை பல மடங்கு. வளைந்த கூரையில் குறைவு. ஆனால் தொளதொளவென்று வளைந்தால் படபடத்துக் கிழியும். இறுக்கமும் வேண்டும், வளைவும் வேண்டும். அதற்கு ஒரு வழி, ஒரு திசையில் மேடாகவும் குறுக்குத் திசையில் பள்ளமாகவும் வளைவது: குதிரைச் சேணத்தைப்போல. மேலிருந்து அமுக்கினால் ஒரு திசை நூல்கள் தாங்கும், கீழிருந்து உறிஞ்சினால் மறு திசை நூல்கள் தாங்கும். எப்போதும் ஏதோ ஒரு பக்கம் இழுவையில் இருப்பதால் துணி துவள்வதே இல்லை.

இந்த வடிவத்தை வாழ்நாள் முழுக்கத் தேடியவர் ஜெர்மனியின் ஃபிரை ஓட்டோ. இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்து பிடிபட்டு, பிரான்சில் ஷார்த்ர் நகருக்கு அருகே போர்க்கைதி முகாமில் இருந்தபோது, பொருள் தட்டுப்பாட்டுக்கு நடுவே கிடைத்ததை வைத்துத் தங்குமிடங்கள் அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. மிகக் குறைந்த பொருளில் மிகப் பெரிய நிழல் என்பது அங்கே அவருக்குள் இறங்கியது. பிறகு கம்பிச் சட்டங்களைச் சோப்புக் கரைசலில் முக்கி எடுத்து, அதில் படியும் படலத்தின் வடிவத்தைப் படம் எடுத்தார். சோப்புப் படலம் தானாகவே எங்கும் சமமான இழுவையோடு, மிகக் குறைந்த பரப்பில் அமைந்துவிடும். மனிதன் வரைய முடியாத கூரையைச் சோப்பு வரைந்து கொடுத்தது. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் அரங்குகளின்மேல் எஃகுக் கம்பி வலையும் கண்ணாடி போன்ற தகடுகளுமாக விரிந்த சுமார் 75,000 சதுர மீட்டர் கூரைக்கு அந்தப் படலங்கள்தான் மூதாதை. நம் பக்கத்திலிருந்தும் ஒருவர் உண்டு. டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான், சிகாகோவின் வானளாவிகளுக்குப் பெயர் பெற்ற பொறியாளர், 1981-ல் திறந்த ஜெட்டா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்துக்கு 210 கூம்புக் கூடாரங்களால் கூரை அமைத்தார். பாலைவன வெயிலில் சூடான காற்று ஒவ்வொரு கூம்பின் உச்சியிலும் உள்ள திறப்பின் வழியே மேலேறிப் போய்விடும். அன்றைக்கு உலகின் மிக உயரமாக இருந்த கட்டடத்தைக் கட்டத் தெரிந்தவர், யாத்திரிகர்களுக்கு நிழல் வேண்டும் என்றபோது கூடாரத்துக்குத் திரும்பினார் என்பதை நான் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பொட்டலுக்குத் திரும்பலாம். முதல் இரவு விடிந்தபோது கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி. மெத்தை ஓரம் நனைந்திருந்தது. கூடாரம் ஒழுகுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் ஒரே பேச்சு. ஆனால் இரவில் ஒரு சொட்டு மழையும் இல்லை. குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்புகளையும் ஜிப் இழுத்து மூடிவிட்டுப் படுத்திருந்தோம். அந்தத் தண்ணீர் எங்கள் ஆறு பேரின் மூச்சு.

தூங்கும் மனிதரின் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீர் ஆவியாகப் போகிறது. ஆறு பேர், எட்டு மணி நேரம்: இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 20 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று வைத்துக்கொள்ளக்கூடிய நீராவி 17 கிராம்தான். எங்கள் கூடாரத்துக்குள் இருக்கும் காற்று மொத்தமும் உலர்ந்து கிடந்தாலும் முந்நூற்றுச் சொச்சம் கிராமுக்கு மேல் அதில் இடம் இல்லை. மார்கழி இரவின் காற்றோ ஏற்கெனவே ஈரத்தில் நிறைந்தது. மிஞ்சியது எங்கே போகும்? குளிர்ந்த துணியில் துளியாகப் படியும். தெளிந்த வானம் இருக்கும் இரவில் கூடாரத்தின் வெளித்துணி தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். வாசலில் போட்ட கோலம் விடிவதற்குள் பனியில் நனைந்திருப்பதும், சைக்கிள் இருக்கை ஈரமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். மரத்தடியில் நிறுத்திய சைக்கிள் நனைவது குறைவு, ஏனென்றால் இலைகள் அதற்கும் வானத்துக்கும் குறுக்கே நிற்கின்றன.

இதற்கு விடை கூடாரத்திலேயே இருந்தது; நாங்கள்தான் பயன்படுத்தவில்லை. நல்ல கூடாரத்துக்கு இரண்டு தோல். உள்ளே காற்றுப் புகும் மெல்லிய துணி, வெளியே மழை புகாத துணி, நடுவே ஒரு சாண் இடைவெளி. மூச்சின் ஆவி உள்துணியைத் தாண்டிப் போய் வெளித்துணியில் படிந்து, அதன் வழியாகவே தரைக்கு வழிந்துவிடும். கீழே ஒரு திறப்பும் உச்சியில் ஒரு திறப்பும் வைத்தால், எங்கள் உடம்பின் சூட்டிலேயே காற்று மேலேறி ஆவியைக் கூட்டிக்கொண்டு போகும். இரண்டாம் இரவு இரண்டையும் திறந்துவிட்டோம். காலையில் உட்பக்கம் காய்ந்திருந்தது. வளவு நடுவே வானம் பார்க்கத் திறந்த முற்றத்தை வைத்த செட்டிநாட்டு வீடும் இதே மூச்சைத்தான் விடுகிறது.

மழை வேறு கதை. பழைய கித்தான் கூடாரம் பருத்தித் துணி. நனைந்ததும் பருத்தி இழை உப்பி, நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும்; மிஞ்சும் நுண்துளைகளில் நீரின் பரப்பு இழுவிசை துளியை உள்ளே விடாமல் பிடித்து நிறுத்தும். மழை பெய்யும்போது உள்ளிருந்து விரலால் தொட்டால் அந்தப் பிடி உடைந்து, தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும். 'தொடாதே' என்று சாரணர் முகாம்களில் பிள்ளைகளை அதட்டுவதற்குக் காரணம் இதுதான். இன்றைய பாலியெஸ்டர் துணி இந்த வித்தையை நம்புவதில்லை. உட்பக்கம் பாலியூரிதேன் பூச்சு இருக்கிறது. பையில் 3000 மி.மீ. என்று போட்டிருந்தால், அந்தத் துணியின்மேல் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்திய அழுத்தத்தில்தான் அது கசியத் தொடங்கும் என்று பொருள்.

கயிறும் மழையில் மாறும். மாட்டுக் கயிறு நனைந்தால் முடிச்சை அவிழ்க்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும் என்பது கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். முறுக்கிய இயற்கை நார் நனைந்து பருக்கும்போது, அந்தப் பருமன் கயிற்றின் நீளத்தைத் தின்றுவிடுகிறது. இறுக்கிக் கட்டிய நார்க்கயிறு மழையில் குறுகி முளையையே பிடுங்கும். அதனால் அந்தக் காலத்தில் மழை வருமுன் கயிற்றைத் தளர்த்தினார்கள். நைலான் இதற்கு நேர் எதிர்: நனைந்தால் நீளும், கூடாரம் தொய்யும், நள்ளிரவில் எழுந்து போய் இறுக்க வேண்டும். பாலியெஸ்டர் இரண்டும் செய்வதில்லை. குடும்பக் கூடாரத்தில் அதைப் போடுவதற்கு இது ஒரு காரணம்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 1997 ஏப்ரலில் மெக்காவுக்கு அருகே மினாவில் ஹஜ் கூடாரங்களில் பிடித்த தீயில் 340-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றி 40-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடிக் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்ட உயிர்கள். மூன்றும் கூடாரத்தின் பங்காளிக் கூரைகள். மெல்லிய பொருள் ஏன் இவ்வளவு வேகமாக எரிகிறது? கட்டையைத் தீக்குச்சியால் கொளுத்த முடியாது, சுள்ளியைக் கொளுத்தலாம். எடைக்குப் பரப்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சீக்கிரம் சூடேறும், அவ்வளவு காற்று கிடைக்கும். துணி என்பது கிட்டத்தட்ட பரப்பு மட்டுமே உள்ள பொருள். எது கூடாரத்தை இலேசாக்குகிறதோ அதுவே அதை எரியவும் வைக்கிறது.

1944-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் சர்க்கஸ் கூடாரம் எரிந்தபோது அந்தக் கித்தான்மேல் மழைக்காகப் பூசியிருந்தது பாராஃபின் மெழுகும் பெட்ரோலும் கலந்த கலவை; 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நிறையக் குழந்தைகள். மினாவில் பிறகு டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைக் கூடாரங்களைப் போட்டார்கள். அது சுலபத்தில் தீப்பிடிக்காத பொருள். நம் குடும்பக் கூடாரம் அப்படிப்பட்டதில்லை. அதற்குள் அடுப்பு வேண்டாம், கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம். மழை என்று சொல்லிக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சமையல் எப்போதும் வெளியில், காற்று வீசும் திசையில் கூடாரத்தைத் தாண்டி, பத்தடியாவது தள்ளி.

பொங்கல் முடிந்து எல்லோரும் கிளம்பும் நாளில் கூடாரத்தைப் பிரித்தோம். அதைக் காலையில் பிரிக்கக்கூடாது. பனி காய்ந்து, துணி வெயிலில் சூடேறி, தையல் ஓரங்களையும் தடவிப் பார்த்து ஈரம் இல்லை என்ற பிறகே மடிக்க வேண்டும். பாலியூரிதேன் பூச்சு ஈரத்தோடும் சூட்டோடும் அடைந்து கிடந்தால் மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும், நாற்றமடிக்கும், பிறகு உரிந்து வரும். நம் ஊர் பரணில் ஒரு மழைக்காலம் போதும். ஒரு முறை ஈரத்தோடு சுருட்டிவைத்த சின்ன மழைச்சட்டை ஒன்றை இப்படி இழந்த அனுபவம் எனக்கு உண்டு.

முளைகளை எண்ணியபோது இருபத்து நாலில் ஒன்று குறைந்தது. தேடிப் பார்த்தால் பக்கத்துக் கொல்லையில் அதை வெள்ளாட்டுக்கு அடித்திருந்தார்கள். பந்தல்கார அண்ணன் சொன்னபடி அது சாய்ந்திருக்கவில்லை. நேராக, மண்ணுக்குள் முக்கால் பங்கு இறங்கி நின்றது. ஆடு சுற்றிச் சுற்றி மேய்கிறது. எந்தத் திசையிலிருந்தும் இழுக்கும்.